மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் ஒரு மணி நேரம்

(கிருமாம்பாக்கத்தில் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. நம் அருமை நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் அவனுடைய சாந்தியும் அருளும் உண்டாவதாக.

நம் கூட்டங்களில் வழக்கமாகக் கல்வி உதவி, மருத்துவ உதவி, ரமளான் அரிசி, தையல் மெஷின் என்று பேசுவோம். அவை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். இன்று எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை. அது நம் நேரம்.

நேரம் என்று தலைப்பைச் சொன்னாலே பிள்ளைகள் முகம் வாடிவிடும். "எப்பப் பார்த்தாலும் போன்தான், சோம்பேறி" என்று திட்டு வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். இன்று யாரையும் திட்டப் போவதில்லை. நாம் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். ஒருவருடைய நேரத்தை அவர் ஒருவரால் மட்டும் காப்பாற்றிக்கொள்ள முடியாது. அவரைச் சுற்றி இருக்கும் வீடும் தெருவும் சேர்ந்துதான் அதைக் காப்பாற்ற வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே பாகூர் ஏரி இருக்கிறது. புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி அது. ஐப்பசி, கார்த்திகையில் எவ்வளவு மழை பெய்தாலும், கரை உடைந்திருந்தால், மதகு திறந்தே கிடந்தால், பிறகு வயலுக்குத் தண்ணீர் இருக்காது. அந்தக் கரையை ஒரே ஒரு விவசாயி கட்டிக் காக்க முடியுமா? முடியாது. அதனால்தான் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே நம் பகுதியில் ஏரிகளைப் பார்த்துக்கொள்ள விவசாயிகள் சங்கமும் பொது நிதியும் இருந்தன. நேரமும் அப்படித்தான். நாளுக்கு 24 மணி நேரம் என்று ஏழைக்கும் பணக்காரனுக்கும் அல்லாஹ் ஒரே அளவாகத்தான் தந்திருக்கிறான். மழையில் குறையில்லை. கரையைத்தான் நாம் சேர்ந்து பார்க்க வேண்டும்.

எங்கே கசிகிறது?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 2 மணி நேரம் வீணாகிறது என்று வையுங்கள். ஆண்டுக்கு 730 மணி நேரம். 8 மணி நேர வேலை என்று கணக்கிட்டால் 91 வேலை நாள்கள். மூன்று மாதச் சம்பளத்தை ஒருவர் எடுத்துக்கொண்டு போனால் நாம் சும்மா இருப்போமா? ஆனால் அந்த 2 மணி நேரம் ஒரே கட்டாகப் போவதில்லை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று சில்லறையாகப் போகிறது. அதனால் போனதே தெரிவதில்லை.

நம் வீடுகளில் சாயங்காலம் எப்படி இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளை கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறாள். "பாப்பா, தம்பி அழுறான், கொஞ்சம் தூக்கு." தூக்குகிறாள். திரும்ப உட்காருகிறாள். "பாப்பா, கடைக்குப் போய் பால் பாக்கெட் வாங்கிட்டு வா." வந்து உட்காருகிறாள். நன்னிமா சீரியல் சத்தம். அத்தாவின் போனில் வாட்ஸப் வீடியோ சத்தம். துபாயிலிருந்து மாமா கூப்பிடுகிறார், எல்லோரும் ஸலாம் சொல்ல வேண்டும். பக்கத்தில் யாரோ காட்டும் ரீல்ஸை எட்டிப் பார்க்காமலும் இருக்க முடிவதில்லை. எட்டரை மணிக்குப் பார்த்தால் இரண்டு கணக்குதான் முடிந்திருக்கிறது. பரீட்சையில் மார்க் குறைந்தால் "இரண்டு மணி நேரம் உட்கார்ந்து என்னத்தைப் படிச்சே?" என்று அவளைத்தான் கேட்கிறோம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் என்ற பேராசிரியர், கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார். 2004-ல் ஒருவர் திரையில் ஒரே விஷயத்தைச் சராசரியாக இரண்டரை நிமிடம் பார்த்தார். அண்மை ஆண்டுகளில் அது 47 வினாடியாகக் குறைந்துவிட்டது. அவர் கண்ட இன்னொரு விஷயம் நமக்கு இன்னும் முக்கியம். இடையில் தடைபட்ட வேலைக்கு ஒருவர் திரும்பி வர 20 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு தொல்லையை முடித்துவிட்டு நேரே பழைய வேலைக்கு யாரும் வருவதில்லை. நடுவில் வேறு இரண்டு வேலைகளைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். பால் பாக்கெட் வாங்க ஐந்து நிமிடம்தான் ஆனது என்று நாம் நினைக்கிறோம். பிள்ளைக்கு அரை மணி நேரம் போய்விட்டது.

இதெல்லாம் திடீரென்று வந்ததல்ல. பத்து ஆண்டுகளுக்கு முன்பு மாதம் ஒரு ஜிபி டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழித்தோம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. மற்ற கம்பெனிகளும் விலையைக் குறைத்தன. இப்போது நாளுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்கிறார்கள். இரவு 12 மணிக்குள் தீர்க்காவிட்டால் வீணாகிவிடுமே என்று உட்கார்ந்து பார்க்கிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். டேட்டா வீணாகக் கூடாது என்று தூக்கத்தை வீணாக்குகிறோம்!

"அரசாங்கமே தடை செய்தால் நல்லது" என்று சிலர் சொல்வதுண்டு. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. பத்தே நாளில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் நம் நாட்டுக்கு வந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸைச் சோதித்துப் பார்க்க நம் நாட்டைத்தான் தேர்ந்தெடுத்தது. ஒரு செயலி போனது, நம் நேரம் திரும்பி வரவில்லை. தடை போடுவது அரசாங்கத்தின் கையில் இருக்கலாம். நேரத்தைத் திரும்ப எடுப்பது வீட்டின் கையில்தான் இருக்கிறது.

ராமேஸ்வரத்து வீடு

வீடு நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வீட்டைச் சொல்கிறோம். ராமேஸ்வரத்தில் 1931-ல் பிறந்த அப்துல் கலாம் அவர்களின் வீடு. அவர் காலையில் பேப்பர் போட்டுப் படித்தவர் என்று பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்கிறோம். "அவர் எப்படிப் படிச்சார் பாரு, உனக்கு என்ன குறை?" என்று கேட்கவும் செய்கிறோம். ஆனால் அந்தக் கதையில் பெற்றோருக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதை நாம் கவனிப்பதில்லை.

தம் உரைகளில் அவரே சொல்லியிருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலம். சிறுவன் கலாம் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து குளித்துவிட்டுக் கணக்கு டியூஷனுக்குப் போக வேண்டும். அந்த ஆசிரியர் ஆண்டுக்கு 5 பிள்ளைகளுக்கு மட்டும் இலவசமாகச் சொல்லித் தருபவர். குளிக்காமல் வந்தால் சேர்க்க மாட்டார். டியூஷன் முடிந்து வந்ததும் அத்தா ஜைனுலாப்தீன் அவர்கள் காத்திருந்து தொழுகைக்கும் குர்ஆன் ஓதவும் அழைத்துப் போவார்கள். அதன் பிறகு 3 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த ராமேஸ்வரம் ரோடு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். போர்க்காலம் என்பதால் தனுஷ்கோடி மெயில் அங்கே நிற்காது. ஓடும் ரயிலிலிருந்து பேப்பர் கட்டைப் பிளாட்பாரத்தில் வீசுவார்கள். அதை எடுத்து வீடு வீடாகப் போட்டுவிட்டு 8 மணிக்கு வீடு திரும்புவார். பிறகு பள்ளிக்கூடம். மாலையில் பேப்பர் காசு வசூல்.

இவ்வளவையும் ஒரு சின்னப் பையன் தன் மன உறுதியால் மட்டும் செய்தானா? அவனுக்கு முன்னால் அவன் தாயார் ஆஷியம்மாள் எழுந்து அவனைக் குளிப்பாட்டினார்கள். அத்தா வாசலில் காத்திருந்தார்கள். ஆசிரியர் நேரம் குறித்து வைத்திருந்தார். வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு இரவு 7 மணி முதல் 9 மணி வரைதான் எரியும். பெரிய குடும்பம், எண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஆனாலும் மகன் 11 மணி வரை படிக்கட்டும் என்று தாயார் ஒரு சின்ன விளக்கைத் தனியாகக் கொடுத்தார்கள்.

அந்தத் தாய் மகனுக்குக் கொடுத்தது இரண்டு மணி நேரம். மண்ணெண்ணெயாகக் கொடுத்தார்கள். இன்று நம் வீடுகளில் விளக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் நம்மால் கொடுக்க முடியவில்லை. "நீ கலாம் மாதிரி இரு" என்று பிள்ளையிடம் சொல்வதற்கு முன், ஆஷியம்மாள் மாதிரி, ஜைனுலாப்தீன் மாதிரி நாம் இருக்கிறோமா என்று கேட்டுக்கொள்வது நியாயம்.

ஒரு கிராமம் எடுத்த முடிவு

"அது அந்தக் காலம். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கும்போது ஒரு வீடு மட்டும் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கலாம். சரியான கேள்விதான். அதற்கு மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் உள்ள மோஹித்யாஞ்சே வட்கான் என்ற கிராமம் பதில் சொல்கிறது. சுமார் 3,000 பேர் வாழும் ஊர். நம்மைப் போல விவசாயத்தை நம்பிய ஊர்.

கொரோனா ஊரடங்கில் பள்ளிக்கூடம் போனுக்குள் வந்தது. பள்ளி திறந்த பிறகும் பிள்ளைகளின் கையை விட்டுப் போன் போகவில்லை. பெரியவர்களும் டிவி முன்னாலும் போன் முன்னாலும் கிடந்தார்கள். அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் விஜய் மோஹிதே ஒரு யோசனை சொன்னார். தினமும் மாலை 7 மணிக்கு ஊர்க் கோயிலில் சைரன் ஒலிக்கும். எல்லா வீட்டிலும் டிவி, போன் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். 8.30 மணிக்கு மறுபடி சைரன். அதன் பிறகு அவரவர் விருப்பம்.

முதலில் இதைக் கேட்டு ஆண்கள் சிரித்தார்கள். பிறகு பஞ்சாயத்து பெண்களைக் கூட்டிப் பேசியது. "நாங்கள் சீரியல் அதிகமாகத்தான் பார்க்கிறோம், ஊர் முழுக்க அணைத்தால் நாங்களும் அணைக்கிறோம்" என்று ஒப்புக்கொண்டவர்கள் அந்தப் பெண்கள்தான். 2022 ஆகஸ்டில், சுதந்திர தினத்தை ஒட்டி முடிவெடுத்து நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆரம்பத்தில் அங்கன்வாடி ஊழியர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பஞ்சாயத்து ஊழியர்களும் வீடு வீடாகப் போய் நினைவுபடுத்தினார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளைகள் படித்தார்கள், பெரியவர்கள் ஒருவரோடொருவர் பேசினார்கள்.

"ஊர் முழுக்க அணைத்தால் நாங்களும் அணைக்கிறோம்" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நான் ஒருவன் மட்டும் போனை அணைத்தால், குரூப்பில் என்ன வந்ததோ, யார் கூப்பிட்டார்களோ என்று மனம் அங்கேயே இருக்கும். என் பிள்ளையிடம் மட்டும் பிடுங்கினால், பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்க்கிறானே என்று அழுவான். எல்லோரும் ஒரே நேரத்தில் அணைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தவறிப் போவதில்லை. தனியாக இருந்தால் தவம் மாதிரி கஷ்டமான காரியம், சேர்ந்து செய்தால் சாதாரணப் பழக்கமாகிவிடுகிறது. ரமளானில் நோன்பு நமக்கு எளிதாக இருப்பது எதனால்? வீடும் தெருவும் சேர்ந்து பிடிப்பதால்தானே.

நமக்கு சைரன் தேவையில்லை

வட்கான் கிராமம் ஒரு சைரன் வாங்க வேண்டியிருந்தது. நமக்கு அது தேவையில்லை. நாளுக்கு ஐந்து முறை பாங்கு சொல்லப்படும் மஹல்லாவில் வாழ்கிறோம். ஒரு நாளை ஐந்தாகப் பிரித்துத் தந்திருக்கிறது நம் மார்க்கம். காலத்தின் பெயரையே தாங்கி, மூன்றே வசனங்களில் அமைந்த 103-ஆவது அத்தியாயத்தை நம் பிள்ளைகள் மக்தபில் சேர்ந்த புதிதிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள்.

நம் ஊரில் மஃரிப் பாங்குக்கும் இஷா நேரம் தொடங்குவதற்கும் இடையே ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது. கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே மஃரிப் வந்துவிடும், ஆடியில் ஆறரையைத் தாண்டும். எப்போது வந்தாலும் இந்த இடைவெளி பெரிதாக மாறுவதில்லை. தொழுகை, திக்ரு நேரம் போக ஒரு மணி நேரம் கையில் நிற்கிறது. மஃரிபுக்குப் பின் விளக்கு முன்னால் உட்கார்ந்து ஓதுவது நம் பாட்டன் பாட்டி காலத்துப் பழக்கம்தான். புதிதாக எதையும் கொண்டுவரச் சொல்லவில்லை. இருந்ததை மீட்போம் என்கிறோம்.

எங்கள் வேண்டுகோள் இதுதான்: மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவில் ஒரு மணி நேரம், நம் மஹல்லாவின் எல்லா வீடுகளிலும் டிவியும் போனும் ஓய்வெடுக்கட்டும். ஆண்டுக்கு 300 நாள் கடைப்பிடித்தால் 300 மணி நேரம். ஒரு பிள்ளை தான் பின்தங்கிய பாடத்தை முதல் பக்கத்திலிருந்து திருப்பிப் படிக்க இது போதும்.

இதில் என்ன பணயம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். நம் கிருமாம்பாக்கத்திலேயே ஒரு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 10 சதவீத உள் ஒதுக்கீடு 2023-ல் வந்தது. அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறியிருக்கின்றன. அதில் மனப்பாடத்தைவிடப் புரிந்து படிப்பது முக்கியம். புரிந்து படிக்கத் தடைபடாத நேரம் வேண்டும். கதவு திறந்திருக்கிறது. நம் பிள்ளை அதில் நுழைவதும் நுழையாததும் பல வீடுகளில் இந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. மருத்துவம் என்று மட்டுமில்லை. ஐடிஐ, பாலிடெக்னிக், போலீஸ் தேர்வு, கணக்கர் வேலை எதுவானாலும் இதே கதைதான்.

எப்படிச் செய்வது?

முதலாவது, போனுக்கு ஓர் இடம் வேண்டும். பாங்கு சொன்னதும் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் சத்தம் குறைத்து ஒரே இடத்துக்குப் போக வேண்டும். பீரோ மேலேயோ அடுப்படி அலமாரியிலோ வைக்கலாம். படிக்கும் இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது. 2017-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் வார்டு என்பவரும் மற்றவர்களும் சுமார் 800 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். போனை மேசை மேலே வைத்துக்கொண்டு பரீட்சை எழுதியவர்களைவிட, அடுத்த அறையில் வைத்துவிட்டு எழுதியவர்கள் நன்றாகச் செய்தார்கள். போன் ஒலிக்கவே இல்லை, சும்மா இருந்ததற்கே அவ்வளவு வித்தியாசம். பிறகு வந்த சில ஆய்வுகளில் இதே அளவு வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் போனை அடுத்த அறையில் வைக்க நமக்கு என்ன செலவு?

இரண்டாவது, முதலில் வைக்க வேண்டியது அத்தாவின் போன். பிள்ளையின் போனை வாங்கி வைத்துவிட்டு நாம் ஓரமாக உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தால் இந்தப் பழக்கம் ஒரு வாரம்கூட நிற்காது.

மூன்றாவது, வெளியூர் உறவுகளிடம் சொல்லி வையுங்கள். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, குவைத், கத்தார் இரண்டரை மணி நேரம் பின்னால். நம் எட்டரை மணிக்குப் பிறகு அவர்கள் கூப்பிட்டால் அவர்களுக்கும் மாலை வேளையாக, வேலை முடிந்த நேரமாக இருக்கும். பிரான்சில் இருப்பவர்களுக்கு அப்போது பிற்பகல்தான் ஆகியிருக்கும். சிங்கப்பூர் மட்டும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கிருப்பவர்கள் நம் அஸருக்குப் பிறகு, மஃரிபுக்கு முன் கூப்பிடட்டும். "இந்த நேரத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள்" என்றால் எந்த மாமாவும் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் வெளிநாட்டில் உழைப்பதே அந்தப் பிள்ளைகளுக்காகத்தான்.

நான்காவது, அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன வேலை என்று முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். உட்கார்ந்த பிறகு "என்ன படிக்கலாம்" என்று யோசிப்பதிலேயே கால் மணி நேரம் போய்விடும். ஒரு துண்டுத் தாளில் இரண்டே இரண்டு வேலை எழுதட்டும். கஷ்டமானது முதலில். 1980-களின் பிற்பகுதியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற கல்லூரி மாணவர், தக்காளி வடிவத்தில் இருந்த ஒரு சமையலறைக் கடிகாரத்தைத் திருகி வைத்துப் படிக்க ஆரம்பித்தார். 25 நிமிடம் ஒரே வேலை, பிறகு 5 நிமிடம் ஓய்வு. இன்று உலகம் முழுவதும் இந்த முறை பரவியிருக்கிறது. நம் ஒரு மணி நேரத்தில் இது சரியாக இரண்டு முறை அடங்கும். சின்னப் பிள்ளைக்கு 15 நிமிடம் போதும்.

ஐந்தாவது, கூப்பிடாதீர்கள். படிக்கும் பிள்ளையை வேலை ஏவுவதை அந்த ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். பால், தயிர், கறிவேப்பிலை எதுவானாலும் மஃரிபுக்கு முன் வாங்கி வையுங்கள். குறிப்பாகப் பெண் பிள்ளையை. பல வீடுகளில் மகன் படித்தால் "அவன் படிக்கிறான், கூப்பிடாதே" என்கிறோம். மகள் படித்தால் கூப்பிட்டுவிடுகிறோம்.

அம்மாவுக்கும் நேரம் உண்டு

பெண் பிள்ளையைச் சொல்லும்போது அவளுடைய அம்மாவையும் சொல்ல வேண்டும். மத்திய அரசு 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் ஒரு பெண் சராசரியாக நாளுக்கு 289 நிமிடம் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறார். ஆண் 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரமும் ஒன்றரை மணி நேரமும்.

நம் பெண்களில் தையல் தைப்பவர்கள் இருக்கிறார்கள். குழுக் கடன் கணக்கு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பாதியில் விட்ட படிப்பைத் தனித்தேர்வராக எழுத நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய நேரம் முழுவதும் மற்றவர்கள் கூப்பிடுவதற்காகவே ஒதுக்கப்பட்டது போல வீடு நடந்துகொள்கிறது. ஒரு ஜாக்கெட் தைத்து முடிக்க ஒன்பது முறை எழுந்திருக்க வேண்டியிருந்தால் எப்படிச் சம்பாதிக்க முடியும்?

ஆகவே மஃரிப் முதல் இஷா வரையிலான அந்த நேரம் அம்மாவுக்கும் உரியது. இரவுச் சாப்பாட்டு வேலையை முடிந்தவரை முன்னாலேயே முடிக்க வீட்டில் எல்லோரும் கை கொடுக்க வேண்டும். வெங்காயம் உரிப்பதும் தட்டு கழுவுவதும் ஆண் பிள்ளைகளுக்குக் குறைச்சலான வேலையில்லை. வீட்டு வேலைகளில் நபி (ஸல்) அவர்கள் குடும்பத்தாருக்கு உதவியாக இருந்தார்கள் என்பதை நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். கேட்டதைச் செய்து பார்க்கும் நேரம் இது.

சில கேள்விகள்

"கடை வைத்திருக்கிறேன், மஃரிபுக்குப் பிறகுதான் வியாபாரமே" என்பார்கள். "கடலூர் சிப்காட்டில் ஷிப்டு, வீட்டுக்கு வரவே பத்தாகும்" என்பார்கள். அவர்களை நாம் கட்டாயப்படுத்தவில்லை. அவர்கள் சுபுஹு தொழுகைக்குப் பிறகு அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் வீட்டில் இருப்பவர்களுடைய ஒரு மணி நேரத்தை அந்த நேரத்தில் போன் போட்டுக் கலைக்காமல் இருப்பது அவர்களுடைய பங்கு.

"வீட்டுப்பாடமே வாட்ஸப்பில்தான் வருகிறது" என்பார்கள். பாங்குக்கு முன் திறந்து நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். "ஒரே அறை, எங்கே உட்கார்ந்து படிப்பது?" என்பது உண்மையான கஷ்டம். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இடம் பெரிய வீடு உள்ள பக்கத்து வீட்டுத் திண்ணையிலோ ஹாலிலோ கிடைக்க வேண்டும். ஒரு பாய் விரித்து, நான்கு பிள்ளைகளை உட்கார வைப்பதும் ஸதகாதான்.

"நன்னிமாவுக்கு சீரியல் ஒன்றுதான் ஆறுதல்" என்பார்கள். அந்த ஒரு மணி நேரம் நன்னிமாவோடு உட்கார்ந்து பேச ஆளிருந்தால் அவர் சீரியலைத் தேட மாட்டார். பல வீடுகளில் அவர் டிவி பார்ப்பதே பேச ஆளில்லாததால்தான்.

"அவசரப் போன் வந்தால்?" எடுத்துப் பேசுங்கள். உடம்பு சரியில்லாதவர் வீட்டில் இருந்தால் ஒரு போன் திறந்திருக்கட்டும். இது சட்டமில்லை, நமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு. ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நோயாளியைப் பார்க்கப் போவது, உறவினரோடு உட்கார்ந்து பேசுவது, குழந்தையோடு விளையாடுவது, லுஹருக்குப் பின் சற்றுக் கண்ணயர்வது எதுவும் வீணில்லை. அதைத்தான் நாம் பரக்கத் என்கிறோம். எந்த வேலையில் இருக்கிறோமோ அந்த வேலையில் மனம் இருந்தால் குறைந்த நேரத்திலும் பரக்கத் இருக்கும். உம்மத்தில் பெரிய காரியம் செய்தவர்களுக்கும் நமக்கும் நாள் ஒன்றுதான்.

எப்போது தொடங்குவது?

வருகிற வெள்ளிக்கிழமை மஃரிபிலிருந்து தொடங்குவோம். முதலில் 40 நாள். தெருவுக்கு இரண்டு பெண்கள், இரண்டு இளைஞர்கள் என்று பொறுப்பெடுத்துக்கொண்டு, யாரையும் கண்காணிக்காமல், அன்பாக நினைவுபடுத்தினால் போதும். 40 நாள் கழித்து இதே இடத்தில் கூடுவோம். என்ன முடிந்தது, என்ன முடியவில்லை என்று பிள்ளைகளையே முதலில் பேசச் சொல்வோம். அவர்கள் சொல்வதைக் கேட்டு நேரத்தையும் முறையையும் மாற்றிக்கொள்வோம்.

பத்து வீடு தொடங்கினால் பக்கத்துப் பத்து வீடு பார்க்கும். நம் மஹல்லாவைத் தாண்டி, ஊரில் மற்ற சமுதாயத்து நண்பர்களும் தங்களுக்குத் தோதான ஒரு நேரத்தை வைத்துக்கொள்ள முன்வந்தால் இன்னும் நல்லது. ஏரிக்கரையில் யார் மண் போட்டாலும் தண்ணீர் எல்லார் வயலுக்கும்தான் பாய்கிறது.

நம் நேரத்திலும் நம் பிள்ளைகளின் கல்வியிலும் நம் வீடுகளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. பெற்றோரான நம்மைப் பிள்ளைகளின் நேரத்தைக் காப்பவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.